மணித்தொரைக்கு வாரிசு பிடித்த கதை

இலங்கை மலைநாட்டுத் தெமோதரையில் ரயில் நின்றுவிட்டபோது எங்கள் கூட்டத்தில் இருந்தவர்கள்: நான், எழுபத்து நாலு வயது மார்ஜரி அம்மையார், அவருடைய கறுப்புக் குடை. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், "ஒன்னய நம்பித்தாம்ப்பா அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுச் சென்னை ஆபீஸிலேயே தங்கிக்கொண்ட என் முதலாளி. இன்னொருவர் ஹென்றி ஆர்டன்லி துரை. அவர் செத்து நூறு வருஷம் ஆகிறது. முதலாளி வராததில் யாருக்கும் நஷ்டமில்லை. துரையைத்தான் தேடி வந்திருந்தோம்.

வெள்ளைக்காரர்களுக்கு அவர்களுடைய பாட்டன் பூட்டன் யார் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. இந்தியா, இலங்கைப் பக்கம் வந்து மண்ணோடு மண்ணாகிப் போனவர்களைக் கல்லறைகளில் தேடி, வம்ச மரம் வரைந்து அனுப்புகிறோம். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். தொட்டியத்தில் வாழைத்தார் சுமக்கும் என் அப்பாவுக்கு இந்த வேலையைப் புரியவைக்க நான் செய்த முயற்சியெல்லாம் வீண். "அவனவன் பாட்டன் பேரு தெரியாம ஒன்னய வந்து கேக்குறானா? அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறானா?" என்பார். கொடுக்கிறார்கள். கொஞ்சம் தாமதமாக.

ஆர்டன்லிகள் பிரபுப் பட்டம் உள்ள குடும்பம். பட்டம் ஆண் வாரிசுக்குத்தான் போகும். ஹென்றியின் அண்ணன்கள் பிள்ளை இல்லாமல் போய்ச் சேர்ந்ததால், பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபடியே ஹென்றி பிரபு ஆனார். ஊருக்குத் திரும்பும் முன்னால் காய்ச்சல் கண்டு இறந்தார். அவருக்குக் கல்யாணம் ஆனதா, பிள்ளை உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. பிரபு வம்சங்களைத் தொகுத்த தடிப் புத்தகங்களில் அவர் பெயருக்குக் கீழே கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அவருடைய அக்கா எடித்துக்கு அதுவும் இல்லை. 'மணமானவர்' என்று ஒரே வார்த்தை, அதோடு கோடு முடிந்துவிடும்.

அந்த எடித்தின் மகனுக்கு மகள்தான் மார்ஜரி. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசில் வந்திருந்தார். ஆர்டன்லி மாளிகை இப்போது கோல்ஃப் ஓட்டலாகிவிட்டதாம். "என் பாட்டி பிறந்த வீட்டில் ஒரு டீ குடிக்க இருபத்தெட்டு பவுண்டு கட்டினேன்" என்று ரயிலில் சொன்னார். "கேக்கில் உலர்ந்த திராட்சைகூட இல்லை." பட்டத்திலோ சொத்திலோ அவருக்கு ஆசை இல்லை. அந்தக் கேள்விக்குறியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். நானும் நம்பினேன்.

தெமோதரையில் ரயில் தன்னடியிலேயே நுழைந்து ஓடும். ஸ்டேஷனில் நின்று கிளம்பும் வண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலிருக்கும் குகைக்குள் போகும். அதைப் பார்க்கவே மார்ஜரி விடியலில் எழுந்து தலைவாரி உட்கார்ந்திருந்தார். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் வண்டி ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. அவர் குடையை ஊன்றிக்கொண்டு பிளாட்ஃபாரத்தின் ஓரத்திலிருந்து குகையை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, பார்த்தாயிற்று" என்றார். பிறகு பஸ்ஸுக்கு நடந்தோம்.

இங்கே பஸ்களில் முன்சீட்டு மதகுருமாருக்கு. அது தெரியாமல் மார்ஜரியை அதில் உட்காரவைத்துவிட்டேன். இரண்டாவது நிறுத்தத்தில் காவி உடுத்த பிக்கு ஒருவர் ஏறினார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. மார்ஜரி எழப்போக, பிக்கு கையமர்த்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இடம்விட ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். எழுந்த இடங்களிலெல்லாம் வேறு ஆட்கள் உட்கார்ந்துகொண்டார்கள். பதுளை வரை அவர் நின்றபடியே வந்தார். எங்கள் முசிறி பஸ்ஸில் இதே காரியம் நடந்திருந்தால் சண்டை போட்டாவது முடித்திருப்போம். இங்கே எல்லாரும் மரியாதையாகவே தீர்த்துக்கொண்டார்கள்.

தங்கியது ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில். பெயரைப் போட வேண்டாம் என்று அந்தத் தோட்டத்துக் கோயில் கமிட்டி கேட்டுக்கொண்டது. அதனால் மேல்பிரிவு என்றே சொல்கிறேன். ஹென்றி துரை இருந்த பங்களாவில் இப்போது அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். சமையலுக்கு சிவலிங்கம் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைக் கோட்டு, கோட்டில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம். பங்களாச் சமையற்காரரை இந்த ஊரில் அப்பு என்பார்கள். அவருடைய தாத்தாதான் ஹென்றிக்குச் சமைத்தவராம்.

மார்ஜரி யார் என்று சொன்னதும் அப்பு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"மணித்தொரை வீட்டு ஆளா? நெசமாவா சார்?"

"ஆமாண்ணே. எதுக்கு மணித்தொரைங்கிறீங்க?"

"அந்தா, கோயில் மணி தெரியுதா? அது பழைய பெரட்டு மணி சார். வெடியக்காலம் அதை அடிச்சாத்தான் சனமெல்லாம் வரிசையா வந்து நின்னு, இன்ன மலைக்குப் போன்னு வேலை வாங்கிட்டுப் போவாங்க. பெக்டரியில ஊதுற சங்கு வந்தப்புறம் தொரை அந்த மணிய அம்மனுக்குக் குடுத்துட்டாரு. அம்மா வந்தது நல்லதாப் போச்சு. ரொம்ப நல்லதாப் போச்சு."

ஏன் நல்லது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் மேசைக்குக் கோழிக்குழம்பும் பருப்பும் சம்பலும் வந்தன, கடைசியில் ஒரு கேரமல் புட்டிங். தட்டில் வைத்ததும் அது மெல்ல ஆடி நின்றது. மார்ஜரி ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "கோல்ஃப் ஓட்டல்காரனை இங்கே அனுப்பிப் பயிற்சி கொடுக்க வேண்டும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்பு இரண்டாவது துண்டை எனக்கு வைத்தார்.

மறுநாள் காலையில் பதுளைத் தேவாலயத்தின் பழைய கல்லறைகளுக்குப் போனோம். பாசி படிந்த கற்களுக்கு நடுவே ஆர்டன்லியை மார்ஜரிதான் கண்டுபிடித்தார். குடைமுனையால் பாசியைச் சுரண்டினார். மணமாகாதவர், தன் குலத்தின் கடைசி ஆள் என்று செதுக்கியிருந்தது. கேள்விக்குறி விலகிவிட்டது. வந்த வேலை ஒரே காலையில் முடிந்தது. ஆனால் மார்ஜரி சந்தோஷப்படவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசி ஆள்" என்றார். "அக்கா உயிரோடு இருந்தபோதே எழுதிவிட்டார்கள், பார்."

அன்று மாலை அவர் தூங்கப் போக, நான் தோட்டத்துக் கடையில் பிளேன் டீ குடிக்கப் போனேன். பாலில்லாத டீ, உடன் உள்ளங்கையில் சீனி. சீனியை நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். எனக்கு அது கைவரவில்லை, சீனி முழுவதும் முதல் மடக்கிலேயே தீர்ந்துபோனது. பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அவர்தான் கோயில் கமிட்டித் தலைவர் வேலாயுதம். மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"தொட்டியம். முசிறிப் பக்கம்."

"அட! நாங்க துறையூர்ங்க. போனதில்ல, ஆனா துறையூர்தான். பெரிய கங்காணி வம்சம். இந்த மலைக்கு ஆள் கூட்டியாந்ததே எங்க வீடு. கொள்ளுத்தாத்தா பேரு மருதமுத்து, அவருக்கு அப்பா பழனிமுத்து. தம்பியோட கொள்ளுத்தாத்தா பேரு?"

எனக்குத் தெரியாது. தாத்தா பேருக்கு மேலே எங்கள் வீட்டில் யாரும் ஏறியதில்லை. கடையில் இருந்த நாலைந்து பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் அடுத்தவன் பூட்டனைத் தேடுகிறவன் தன் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

அந்த அவமானத்தை ஈடுகட்டவோ என்னவோ, ஆர்டன்லி வம்சத்தை முழுசாக எடுத்துவிட்டேன். முதல் பிரபு, அவர் சண்டையில் வாங்கிய பட்டம், ஏழு தலைமுறை, அண்ணன்மார், ஹென்றி. தலைவர் நல்ல மாணவர். நடுநடுவே "அப்புறம்?" என்றார்.

"அப்ப, மணித்தொரைக்கு வாரிசு?"

"இல்லைங்க. கல்லுலேயே இருக்கு. ஆர்டன்லி வம்சம் அவரோட முடிஞ்சு போச்சு."

"நிச்சயமாவா தம்பி?"

"நிச்சயமா. நாலு வருஷ சர்வீஸ்ல சொல்றேன்."

தலைவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை உணவு ஆறிப்போன பாண் ரொட்டி, வெண்ணெய் இல்லை. மதியம் பருப்பு மட்டும். நேற்று மடிப்பாக வந்த துவாலையும் வரவில்லை. அப்பு தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புட்டிங் இருக்கிறதா என்று கேள்" என்றார் மார்ஜரி.

கேட்டேன்.

"முட்டை இல்ல" என்றார் அப்பு. அவருக்குப் பின்னால் சமையற்கட்டு ஜன்னலில் இரண்டு டஜன் முட்டை அடுக்கியிருந்தது.

"நாம் என்ன செய்தோம்?" என்று மார்ஜரி என்னிடம் கேட்டார். நாம் என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை.

விவரம் அப்புவின் மனைவி சரோஜா அக்கா மூலம் தெரிந்தது. மாலையில் கொழுந்து நிறுத்துப்போட்டுவிட்டு, தலையில் துண்டோடு நேராகப் பங்களாப் பின்வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, படிச்ச புள்ளைங்கிறீங்க. கடையில ஒக்காந்து என்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலியேக்கா. தொரை வம்சம்..."

"முடிஞ்சு போச்சுன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேன்."

"ஒங்க வாயில சீனி போட்டவன் கையை முறிக்க" என்றார். பிறகு பின்படியில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

அம்மன் திருவிழாவில் மணிக்குப் பூசை செய்யும் நாள் ஒன்று உண்டு; இந்த முறை அது இந்த வாரமே. அன்றைக்கு முதல் மரியாதை, மணி கொடுத்தவர் வீட்டுக்கு. துரை இருந்தவரை அவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டினார். துரை போன பிறகு, அவர் வீட்டு ஆள் வரும்வரை என்று அப்புவின் தாத்தா தலையில் கட்டினார்கள். அப்புறம் அப்பா, அப்புறம் இவர். வீட்டு ஆள் யாரும் வரவே இல்லை. வருஷா வருஷம் மணிக்கு மாலையும் சனத்துக்குப் பானகமும் அப்பு தன் கையிலிருந்து கொடுப்பார்.

"இந்த மனுசனை மத்த நாள்ல என்னான்னு சொல்லுவாங்க தெரியுமா? வெள்ளைக்காரன் எச்சித்தட்டு கழுவுன குடும்பம்பாங்க. மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாங்க. அந்த ஒரு நாள் மட்டும் அவரு வந்து நிக்காம மணி அடிக்க மாட்டாங்க, தேர் நகராது. தலைவரே காத்துக்கிட்டு நிப்பாரு. அதுக்காகத்தான் இந்தக் கோட்டையே இஸ்திரி போட்டு இஸ்திரி போட்டுப் பாதுகாக்கிறாரு."

"இப்ப?"

"இப்ப தலைவரு மகன் கொழும்புல கடை வச்சுட்டான். அவன் தலையில பரிவட்டம் கட்டணுமாம். தொரை வம்சம் முடிஞ்சிருந்தா மரியாதை கமிட்டிக்கு வந்துரும்ல? நாளைக்குக் கூட்டம். சாட்சி யாருன்னு நெனக்கிறீங்க? நீங்கதான்."

இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பம் அற்றுப்போனதா இல்லையா என்பது நாளைக்கு ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு மாரியம்மன் கோயிலில் முடிவாகப் போகிறது. அற்றுப்போனது என்று முடிவானால் ஒரு சமையற்காரருக்கு வருஷத்தில் இருந்த ஒரே நாள் போய்விடும். நான் மார்ஜரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "அவர் எங்கள் வீட்டுக்காக இவ்வளவு காலம் நின்றிருக்கிறார், எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை" என்றார். அப்பாவுக்குப் போன் போட்டேன். "அந்தக் கடையில ஏண்டா வாயத் தொறந்த?" என்றார். அதற்கு மேல் ஆலோசனை எதுவும் கிடைக்கவில்லை.

கூட்டம் கோயில் முற்றத்தில். ஆண்கள் ஒரு பக்கம் பாயில், பெண்கள் மறுபக்கம் படியில். மார்ஜரிக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் குட்டை. அவர் பேசும்போதெல்லாம் அது டக் டக் என்று தாளம் போட்டது. அப்பு கோட்டைக் கழற்றிவிட்டு வேட்டியில் வந்து, எல்லாருக்கும் பின்னால் தூணோடு நின்றார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம வழக்கம் எல்லாருக்கும் தெரியும். குடுத்தவரு வம்சம் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்கு மரியாதை. அப்பு அண்ணன் மேல நமக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா இல்லாத வீட்டுக்கு எத்தினி காலம் ஆள் நிக்கிறது? இந்தா, கல்லறைக் கல்லுலயே எழுதிருக்கு." போனை உயர்த்திக் காட்டினார். அதற்குள் போய்ப் படம் எடுத்து வந்திருந்தார். "நம்ம தம்பியே இதுல ஆராய்ச்சி பண்ணினவரு. எந்திரிச்சு சொல்லுங்க தம்பி."

எழுந்தேன். பொய் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்புவும் கேட்கவில்லை, அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"கல்லுல இருக்கிறது உண்மைதாங்க" என்றேன். பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. "அது அவங்க பிரபுப் பட்டத்தோட கணக்கு. அந்தப் பட்டம் பொண்ணுங்க வழியாப் போகாது. அதனால கடைசி ஆள்னு போட்டுட்டாங்க. ஆனா தொரைக்குக் கூடப்பிறந்த ஒரு அக்கா இருந்தாங்க. எடித்து. அந்த எடித்தோட மகனுக்கு மகள்தான் இந்த அம்மா. இதை நான் கடையில சொல்லாம விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் எல்லாரும் விரலில் கணக்குப் போட்டார்கள். பூசாரிதான் முதலில் போட்டு முடித்தார்.

"அப்ப, மணித்தொரை இந்தம்மாவோட அப்பாவுக்குத் தாய்மாமன்!"

"ஆமாங்க."

"தாய்மாமனா!" என்று முற்றம் முழுக்கப் பரவியது. நாலு வருஷமாக நான் வரைந்த மரங்களில் அந்த உறவுக்குத் தனியாக ஓர் இடம் இருந்ததில்லை. இங்கே அதைக் கேட்டதும் பாயில் சாய்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தலைவர் அசரவில்லை. "தாய்மாமன் பெரிய மனுசன்தான், யாரு இல்லேன்னா? காது குத்துக்கு மடியில வச்சுக்குவாரு, சடங்குக்குச் சீர் கொண்டாருவாரு. ஆனா மாமன் வீட்டு உரிமை மருமகனுக்கு எப்பிடிங்க வரும்? மாமன் வம்சம் வேற, மருமகன் வம்சம் வேற. இது நம்ம சனத்துக்கும் வெள்ளைக்காரங்களுக்கும் ஒண்ணுதான்."

நியாயமான வாதம். என் முதலாளி இருந்திருந்தால் அவரை வேலைக்கே எடுத்திருப்பார்.

"தலைவரே, ஒரு சந்தேகம்." படியிலிருந்து சரோஜா அக்கா.

"கேளுங்க."

"பெரிய கங்காணி மருதமுத்து பேரன் பெரியசாமி கங்காணி, அவரு ஒங்களுக்கு என்னா முறை?"

தலைவர் போனைப் பாக்கெட்டில் போட்டார். "அது எதுக்கு இப்ப?"

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான். ஒங்க ஆத்தாவுக்கு அண்ணந்தான அவரு? அவருக்குப் புள்ளகுட்டி இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப நீங்க குடியிருக்கிற கங்காணி வீடு எப்பிடி வந்துச்சு? இந்தத் தலைவர் நாற்காலி எப்பிடி வந்துச்சு? கடைக்குக் கடை ஒக்காந்து பெரிய கங்காணி வம்சம், பெரிய கங்காணி வம்சம்னு சொல்றீங்களே, அது ஒங்களுக்கு யாரு வழி?"

முதலில் பூசாரி சிரித்தார். பூசாரி சிரித்தபிறகு மற்றவர்களுக்குத் தடையில்லை. தொப்புள் தெரிய உட்கார்ந்திருந்த ஒருவர் பாயில் உருண்டே போனார். "மாமன் வீட்டு மாடி இனிக்குது, தொரை வீட்டு மணி கசக்குதா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார். தலைவர் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன நடக்கிறது?" மார்ஜரியின் நாற்காலி டக் டக் என்றது.

"நீங்கள் வாரிசா இல்லையா என்று பேசுகிறார்கள் மேடம்."

தலைவர் கையைத் தூக்கினார். "சரி. வாரிசு உண்டு. யாருக்கும் ஆட்சேபணை இருக்கா?" பாயிலும் படியிலும் இல்லை என்று தலைகள் ஆடின. "ஏகமனதா எழுதிக்க பூசாரி."

மார்ஜரிக்குச் சொன்னேன். அவர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். கைக்குட்டை கிடைத்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டார். "எங்கள் ஊரில், பிரபு வம்சப் புத்தகத்தில் என் பாட்டி வழியையும் சேர்க்க முடியுமா என்று இரண்டு தடவை எழுதினேன்" என்றார். "வழக்கமில்லை என்று இரண்டு தடவையும் பதில் வந்தது. இவர்கள் ஓட்டே போட்டுவிட்டார்கள்." எனக்குத் தெரிந்து, பாயில் உட்கார்ந்தவர்களின் ஓட்டில் பிரபு குடும்பத்தில் சேர்ந்த முதல் ஆள் அவர்தான்.

ஆனால் தலைவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "வாரிசு நேர்லயே வந்துட்டாங்க. இனிமே ஆள் வச்சு நிக்க வேண்டிய அவசியம் என்னா? பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டுற வழக்கம் நம்ம கோயில்ல இல்ல. கூட வந்த தம்பி ஆம்பள. அவரு தலையில கட்டிருவோம். அப்பு அண்ணன் ஓய்வு எடுக்கட்டும்."

என் தலை. ஒரு கணம் பரிவட்டம் கட்டிய படத்தை அப்பாவுக்கு அனுப்புவது போலக்கூட நினைத்துப் பார்த்தேன். தூணோரம் அப்பு வேட்டிமுனையை முறுக்கிக்கொண்டிருந்தார். மார்ஜரியிடம் தலைவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். நாற்காலி ஓய்ந்தது. குடையைத் தூக்கி, நேராகத் தூணை நோக்கி நீட்டினார்.

"எங்கள் வீட்டுக்கு இத்தனை காலம் யார் நின்றாரோ, அவரே நிற்பார். அவருக்குப் பிறகு அவர் வீட்டில் யாரோ அவர். இது வாரிசின் முடிவு என்று சொல்."

சொன்னேன். அப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரோஜா அக்கா, "அங்க எங்க பாக்குறீங்க, கும்புடுங்க!" என்று அதட்டியதும் திரும்பிக் கும்பிட்டார்.

தலைவர் கணக்காகத் தலையை ஆட்டினார். "நல்லது. அப்ப இன்னொரு வழக்கமும் இருக்கு. வீட்டு ஆள் இல்லாத வருஷம் மாலையும் பானகமும் போதும். வீட்டு ஆள் நேர்ல நிக்கிற வருஷம் அன்னைக்கு உபயம் முழுசும் அந்த வீட்டோடது. சாப்பாடு, மேளம், ஜெனரேட்டர், பூ. தொரை காலத்துல அப்பிடித்தான்." பூசாரியைப் பார்த்தேன். உண்மைதான் என்று தலையசைத்தார். கூட்டம் கலைந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் புட்டிங் இருந்தது. முட்டை எப்படியோ கிடைத்துவிட்டதாம்.

மணிப்பூசை அன்று மழை விட்டிருந்தது. பண்டாரவளையிலிருந்து மேளம் வந்தது. லயத்து வீட்டு வரிசைகளிலிருந்து சனம் இறங்கி வந்து நிற்க, பூசாரி பரிவட்டத்தை நாலாக மடித்து அப்புவின் தலையில் கட்டினார். தலைவர் ஒதுங்கி வழிவிட்டார், ரொம்பவும் ஒதுங்கவில்லை. அப்பு சமையற்கட்டில் நின்ற மனிதராகவே தெரியவில்லை. மார்பை நிமிர்த்தி, பக்கவாட்டில் பார்க்காமல், மெதுவாக நடந்தார். தேர் அவருக்காகக் காத்திருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

முதல் மணியை வாரிசு அடிக்கட்டும் என்று பூசாரி கயிற்றை மார்ஜரியிடம் கொடுத்தார். மூன்று தடவை போதும் என்று நான் சொல்லியிருந்தேன். பியானோ டீச்சருக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது, நிறுத்தவே இல்லை. மலை முழுக்க மணி கேட்டது.

"ஐயையோ, வெள்ளைக்காரம்மா பெரட்டுக்குக் கூப்புடுறாங்க, ஓடுங்க!" என்றார் சரோஜா அக்கா. "எனக்குக் காலு தானா மலைக்குப் போகுது." பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மார்ஜரியும், எதற்கென்று தெரியாமலே, கயிற்றை விடாமல் சிரித்தார்.

பிறகு சாப்பாடு. வெலிமடை உருளைக்கிழங்கும், இங்கே கோவா என்கிற முட்டைக்கோஸும் போட்டுக் குழம்பு, பருப்பு, பாயசம். மார்ஜரி வரிசையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார், பாதி சேலைக்குப் போனது. சேலை சரோஜா அக்காவுடையது.

ரயில் பாதை சரியாகிவிட்டதால் திரும்பும்போது அந்தக் குகை வழியாகவே போனோம். மார்ஜரி அப்போது ஜன்னலில் இல்லை. மடியில் என் வம்ச மரத்தை விரித்து, ஹென்றியின் கீழிருந்த கேள்விக்குறியை அழித்துவிட்டு, எடித்திடமிருந்து ஒரு கோட்டை இழுத்துத் தன் பெயர் வரை கொண்டுவந்துகொண்டிருந்தார். குகை இருட்டில் கோடு கொஞ்சம் கோணிவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்றார். இதற்கு என்ன ஆதாரம் என்று ஆபீஸில் கேட்பார்களே என்றேன். "மேல்பிரிவுக் கோயில் கமிட்டி, ஏகமனதாக" என்று ஓரத்தில் எழுதினார்.

மணிப்பூசைச் செலவுச் சீட்டு முதலாளியிடம் போயிருக்கிறது. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று இன்னும் யோசிக்கிறார். மாலையும் பானகமும் எப்போதும் போலத் தன் பொறுப்பு என்று அப்பு அடம்பிடித்துவிட்டார், அது இதில் இல்லை. புட்டிங்குக்கும் அவர் காசு வாங்கவில்லை. அரிசி, காய்கறி, மேளம், ஜெனரேட்டர், பூ, தேருக்கு வடம் எல்லாம் சேர்த்து, ஆர்டன்லி வீட்டுக்கு ஆனது இலங்கைப் பணத்தில் இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.